'செட்' என்னும் சிறுசொல்

ஆங்கில மொழியின் மிகப் பெரிய அகராதியில் மிக நீண்ட இடத்தைப் பல ஆண்டுகள் பிடித்திருந்தது அரிய சொல் எதுவுமன்று. அந்த மொழியில் மூன்றே எழுத்துகளால் ஆன 'செட்' என்னும் சொல்லே அது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டில் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் கூறப்பட்டுள்ளன. விளக்கத்தின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவலுக்குப் போதுமான அளவு. இத்தனை பொருளை ஒரு சொல் எவ்வாறு தாங்கியது என்பது வியப்புக்குரியதே. ஆயினும், அவ்வளவும் அதற்குள் இருப்பதை அம்மொழியினர் எவ்வாறு கண்டுகொண்டனர் என்பது அதனினும் சுவையான வரலாறு. கண்டுகொள்ளாமலே போயிருக்கவும் கூடும்.

இலண்டன் மொழிநூற் கழகத்தார் 1857ஆம் ஆண்டில், அதுவரை வந்த அகராதிகளெல்லாம் குறையுடையன என்று முடிவு செய்து புதிய அகராதி முயற்சியைத் தொடங்கினர். ஒரு சொல் முதன்முதல் எழுத்தில் வந்த காலம் தொட்டு இன்றுவரை அது வாழ்ந்த வாழ்க்கையை, நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்கிக் காட்டுவது அவர்தம் திட்டம். இதற்கு ஊதியம் பெறாத வாசகர் பலர் தொண்டராக முன்வந்தனர். நூல்களைப் படித்து, சொல்லையும் அது வரும் தொடரையும் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினர். 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் வந்து சேர்ந்த சீட்டுகளின் எடை இரண்டு டன்னுக்குச் சற்றேறக்குறைய இருந்தது. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் ஒரு சுண்டெலி குஞ்சுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தாம் ஆசிரியராகப் பணியாற்றிய மில்ஹில் பள்ளியின் வளாகத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை எழுப்பி, ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட அடுக்குகளில் மரே அச்சீட்டுகளைப் பிரித்து வைத்தார்.

பிரித்தபோதுதான் குறை வெளிப்பட்டது. 'அபியூஸ்' என்பது ஆங்கிலத்தில் தீங்காகப் பயன்படுத்துதலையும் வசைபாடுதலையும் குறிக்கும் அன்றாடச் சொல். 'அபியூஷன்' என்பது அதன் வழக்கொழிந்த உறவு. பின்னதற்கு ஏறத்தாழ ஐம்பது சீட்டுகள் இருந்தன. முன்னதற்கு ஐந்துகூட இல்லை. தொண்டர்கள் அரியதைக் கண்டால் எழுதினர். எளியதைக் கண்டால் பக்கத்தைப் புரட்டினர். இதனைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. நல்ல வாசகர் எவருக்கும் உரிய இயல்பு இது. நம் பதிப்புகளின் பின்னே சேர்க்கப்படும் அரும்பத அகராதிகளைப் புரட்டினால், கடினச் சொற்கள் அங்கே கொலுவிருக்கும். 'வை', 'எடு', 'போடு' முதலியன வாசலில் நிற்கும். மரே தாம் வெளியிட்ட வேண்டுகோளில், அரிய சொற்களோடு பொதுச் சொற்களுக்கும் இயன்றவரை மேற்கோள் திரட்டித் தருமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டார். விடுபட்டவற்றைத் தேடி அவருடைய உதவியாளர்கள் பழைய நூல்களை மீண்டும் புரட்ட நேர்ந்தது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்னும் உணர்வு தமிழுக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தன் பதினோராம் தொகுதியை 'ஒருசொற் பல்பொருட் பெயர்' என்பதற்கே ஒதுக்கியது. ஆனால் நிகண்டின் நோக்கம் வேறு. மாணாக்கன் மனப்பாடம் செய்யவும், புலவன் வேண்டியபோது எடுத்தாளவும் அது பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்தியது. எது முந்தியது, எதிலிருந்து எது கிளைத்தது என்பது அதன் கேள்வியன்று. மரே கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

'செட்' என்னும் சொல்லைக் கையிலெடுக்கும் பொறுப்பு ஹென்றி பிராட்லிக்கு வாய்த்தது. இவர் பல்கலைக்கழகப் படிப்பில்லாதவர். ஷெஃபீல்டு நகரில் கத்தி வணிகம் செய்த நிறுவனமொன்றில் இருபது ஆண்டுகள் எழுத்தராக இருந்துகொண்டே மொழிகள் பல கற்றவர். குழந்தைப் பருவத்தில், தந்தையின் மடிமீது விரிந்திருந்த வேதநூலை எதிரே நின்று பார்த்துப் பார்த்து, முதலில் தலைகீழாகத்தான் படிக்கப் பழகினாராம். 1884இல் வெளிவந்த அகராதியின் முதற் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையின் கூர்மை மரேயின் கவனத்தை ஈர்த்தது. 1888இல் அவரே பதிப்பாசிரியருள் ஒருவரானார். முதற் பதிப்பில் 'செட்' வினை பதினெட்டுப் பக்கங்களுக்கு மேல் நீண்டது, பெரும்பிரிவுகள் 154. அவற்றுள் இறுதியான 'செட் அப்' என்பதன் உட்பிரிவுகளைக் குறிக்க ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் போதாமல், எழுத்துகளை இரட்டித்து எண்ணினர்.

அத்தனை கிளைக்கும் வேர் எளியது. ஆங்கிலத்தில் 'சிட்' என்றால் இருத்தல். 'செட்' என்றால் இருத்துதல். தமிழிலக்கணம் கற்றவர்க்குத் தன்வினை, பிறவினை என்றால் விளங்கிவிடும். ஒன்றை ஓரிடத்தில் இருத்துதல் என்னும் இந்த ஒரு பொருளிலிருந்து மற்றவை மெல்ல நகர்ந்தன. மோதிரத்தில் மணியை இருத்துவதும் 'செட்'. அச்சுக்கூடத்தில் எழுத்துகளை வரிசையில் இருத்துவதும் 'செட்'. பாட்டின் சொற்களை இசைக்குள் இருத்துவதும் அதுவே. முறிந்த எலும்பைத் தன் இடத்தில் சேர்ப்பதும், எலிக்குப் பொறி வைப்பதும், தேர்வுக்கு வினாத்தாள் அமைப்பதும், நாள் குறிப்பதும் இதன் வேலை. இருத்தப்பட்டது நிலைக்கும், நிலைத்தது இறுகும். ஆகவே சிமெண்டு இறுகுவதற்கும் இச்சொல் வந்தது. ஞாயிறு அடைவதற்கும் இதுவே. ஓரிடத்தில் நிறுத்துவதைக் குறித்த சொல் புறப்படுதலையும் குறிக்கத் தொடங்கியதுதான் விந்தை: 'அவுட்' என்னும் பின்சொல் சேர்ந்தால் பயணம் தொடங்கிவிடுகிறது. பொருள் சொல்லில் மட்டும் இல்லை, அதன் அண்டையிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

இன்னொரு 'செட்' உண்டு. குழு, தொகுதி என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல் அது. அதன் பிறப்பு வேறு. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறிக்கும் 'செக்டா' என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துள் நுழைந்தது. முன்பே அங்கிருந்த வினைச்சொல்லோடு ஒலியால் ஒன்றாகி, பொருளாலும் அதன் சாயலை ஏற்றுக்கொண்டது. இருத்தப்பட்ட பொருள்களின் வரிசை, ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்னும் இரண்டு ஓடைகள் கலந்தபின் எந்த நீர் எதனுடையது என்று பிரித்தறிவது கடினம்.

பிராட்லி 1923இல் மறைந்தார். மரே அதற்கு எட்டாண்டு முன்பே, 1915இல் காலமாகியிருந்தார். அகராதி நிறைவெய்தியது 1928இல். அதன் பின்னரும் நெடுங்காலம் முதலிடம் 'செட்' சொல்லுக்கே இருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 2000ஆம் ஆண்டில் 'மேக்' அதனை முந்தியது. 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' முந்தின. ஓடுதலைக் குறிக்கும் 'ரன்' வினையைப் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்கள் ஆராய்ந்து 645 பொருள்களாகப் பகுத்தார். நீராவியும் இயந்திரமும் கணிப்பொறியும் வந்தபின் ஓடாத பொருளே இல்லாமற் போயிற்று என்று இதற்குக் காரணம் கூறுவர். அது பாதி உண்மை. திருத்தம் ஆங்கில நெடுங்கணக்கின் பதின்மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கியதையும் கணக்கில் கொள்ளவேண்டும். புதிதாகத் தேடித் திரட்டிய சான்றுகளோடு நிற்கும் சொல்லை, பழைய பகுப்பில் நிற்கும் சொல்லோடு எடைபோடுவது முழு நியாயமன்று.

இயந்திரக் காலம் தமிழின் 'ஓடு' என்னும் வினையையும் விட்டுவைக்கவில்லை. கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது. ஆனால் ஆங்கிலேயர் ஒரு பள்ளியையோ கடையையோ ஓட்டுவர், தமிழர் நடத்துவர். 'ரன்' என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் இடறும் இடம் இது.

'செட்' தமிழ்நாட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. படப்பிடிப்புக்கு அமைக்கும் அரங்கு 'செட்'. உணவகத்தில் இரண்டு மூன்றாக அடுக்கி வருவது 'செட் தோசை'. ஒத்துவராத காரியத்தை 'செட் ஆகவில்லை' என்பது பேச்சு வழக்கு. தேநீர்க் கடை வாசலில் நின்று, உடன்படித்தவனைச் சுட்டி 'இவன் நம்ம செட்டு' என்று சொல்பவன், உரோமாபுரியில் ஓர் ஆசிரியரைச் சூழ்ந்து நடந்த மாணாக்கர் கூட்டத்துக்கு வழங்கிய சொல்லையே சொல்கிறான்.