ஆட்டின் தொண்டை முதல் முகமூடி வரை: உறக்கத்தில் அடைபடும் மூச்சின் வரலாறு

உறக்கத்தை மனிதனுக்குக் கிடைத்த ஓய்வாகவும் இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகவும் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. இஷாவுக்குப் பின் படுத்து, ஃபஜ்ர் பாங்கின் ஒலி கேட்டுப் புத்துணர்வுடன் எழுவது எத்தனை பெரிய அருட்கொடை என்பதை, அதை இழந்தவரே நன்கு அறிவர். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும், உறங்காதவரைப் போலக் களைத்து எழுபவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இரவில் அண்டை வீடு வரை கேட்கும் குறட்டை. நடுவே திடீரென ஓர் அமைதி. பின்னர் ஒரு திணறலுடன் மீண்டும் மூச்சு. காலையில் தலைவலி, ஜும்ஆ குத்பாவின்போது செருகும் கண்கள், வண்டி ஓட்டும்போதும் விலகாத மயக்கம். இத்தகையவரைச் சோம்பேறி என்றும், தொழுகையில் நாட்டமில்லாதவர் என்றும் நாம் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறோம். அவர்களுள் பலருக்கு இருப்பது நாட்டக்குறைவு அன்று, ஒரு நோய். மருத்துவர்கள் அதை ஸ்லீப் அப்னியா என்கின்றனர். தமிழில் உறக்க மூச்சடைப்பு எனலாம்.

அந்த நோய்க்கு இன்று தரப்படும் முதன்மையான சிகிச்சை, மூக்கில் அணியும் காற்று முகமூடி. அதைக் கண்டதும் தீவிர சிகிச்சைப் பிரிவு நினைவுக்கு வந்து அஞ்சுவோர் பலர். வாங்கிய இரண்டாம் வாரமே பெட்டிக்குள் வைத்து மூடுவோரும் பலர். அந்த முகமூடி எந்தத் துன்பத்துக்கு மாற்றாக வந்தது என்ற வரலாற்றை அறிந்தால் அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

மூச்சு ஏன் அடைபடுகிறது?

உத்திரமேரூர்ப் பகுதி விவசாயிகள் பம்புசெட்டிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுபோக விரிக்கும் தட்டைக் குழாயை எண்ணிப் பாருங்கள். மோட்டார் ஓடும் வரை நீரின் அழுத்தத்தால் அது உருண்டு விறைத்து நிற்கும். மோட்டாரை நிறுத்தியதும் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் படிந்துவிடும். நம் தொண்டையின் மேற்பகுதியும் எலும்பின் தாங்கல் இல்லாத மென்மையான குழாயே. விழித்திருக்கையில் தசைகள் அதை விரித்துப் பிடிக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளர, சிலருக்கு அது முழுவதுமாக ஒட்டிக்கொள்கிறது. குறைந்தது பத்து விநாடி மூச்சு நின்றால் அதை ஓர் அடைப்பாகக் கணக்கிடுவர். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் நேர்ந்தால் இயல்புக்கு மாறானது. முப்பது முறையைத் தாண்டினால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. உறங்குபவருக்கு இது எதுவுமே நினைவிருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது.

அன்தலுஸ் மருத்துவர்களின் வினா

இந்நோயை முன்னோர் அறிந்திருக்கவில்லை. ஆனால் அதன் முதல் வெற்றிகரமான சிகிச்சைக்கு அடிப்படையாக அமைந்த வினாவை முஸ்லிம் மருத்துவர்கள் ஆராய்ந்திருந்தனர்: மூச்சுக்குழாயைத் திறந்தால் மனிதன் பிழைப்பானா?

மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு ஒருமுறை வெட்டுப்பட்டால் கூடாது என்ற அச்சம் பண்டைய மருத்துவர்களிடையே வேரூன்றியிருந்தது. குர்துபாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி (936–1013) தமது 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்கிறார். அடிமைப் பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். அவர் சென்று பார்த்தபோது காயத்தின் வழியே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் காயத்தைத் தைத்தார், அவள் பிழைத்தாள், குரலில் மட்டும் கரகரப்பு எஞ்சியது. இவ்விடத்தில் வெட்டுவது அஞ்சும் அளவு ஆபத்தானதன்று என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இஷ்பீலிய்யாவில், அதாவது இன்றைய செவில் நகரில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162), கேள்விப்பட்டதோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார். ஓர் ஆட்டின் மூச்சுக்குழாயில் சிறு துளையிட்டு, தேன் கலந்த நீரால் காயத்தைத் தொடர்ந்து கழுவி, ஆறும்வரை கவனித்தார். ஆடு குணமாகி நெடுநாள் வாழ்ந்தது. இதைத் தமது 'கிதாபுத் தைஸீர்' நூலில் எழுதிவைத்தார். மனிதனுக்குச் செய்யும்முன் விலங்கில் சோதித்தறியும் முறைக்கு மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு முன்னோடிச் சான்றாகக் காட்டுவதுண்டு.

நகைப்புக்குரிய நோயாளி

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் எழுதிய பிக்விக் கதையில், எந்நேரமும் உறங்கி வழியும் பருத்த பணிப்பையன் ஒருவன் வருகிறான். வாசகர்கள் சிரித்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். கையில் வெல்லும் சீட்டுகள் இருந்தும் ஆட்டத்தின் நடுவே உறங்கிவிட்ட ஒரு வணிகர் அவர். அக்கதையின் பெயரையே நோய்க்கும் சூட்டி, உடல் பருமனையும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவையும் காரணமாகக் காட்டினர். தொண்டையில் நிகழும் அடைப்பை அவர்களும் காணவில்லை. காரணம் எளியது: நோயாளி விழித்திருக்கும்போதே மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தார்கள், நோயோ அவர் உறங்கும்போதுதான் வெளிப்பட்டது.

1965இல்தான் திரை விலகியது. பிரான்சின் மார்செய் நகரில் காஸ்டோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே உறங்கும் நோயாளிகளின் மூளை அலையையும் மூச்சையும் ஒருசேரப் பதிவு செய்தனர். மூச்சு நிற்பதும், உறக்கம் கலைவதும், மீண்டும் மூச்சு வருவதும் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்வது அப்போது தெரிந்தது. இன்று வழங்கும் நோய்ப்பெயரை 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கில்லெமினோ குழுவினர் நிலைநாட்டினர்.

காரணம் தெரிந்ததும் சிகிச்சையும் தெளிவானது. அடைபடும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுவிட்டால் மூச்சு தடையின்றிப் போய்வரும். 1969இல் ஜெர்மனியில் கூலோ குழுவினர் அதைச் செய்து காட்டினர். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னு ஸுஹ்ர் ஓர் ஆட்டில் சோதித்த அதே இடம், அதே துளை. நோயாளிகள் வியக்கத்தக்க வகையில் நலமடைந்தனர். ஆனால் கொடுத்த விலை பெரிது. பகலில் துளையை அடைத்துப் பேச வேண்டும். இரவில் திறந்து உறங்க வேண்டும். சளியும் தொற்றும் ஓயாத தொல்லை. நீரில் மூழ்கிக் குளிக்க இயலாது. கடும் நோயாளிகள் பலர் இதற்கு உடன்படாமல் நோயுடனேயே வாழ்ந்தனர்.

சிட்னியில் ஓர் இரவு

1980 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், கழுத்தில் துளையிட மறுத்த ஒரு நோயாளிக்கு மருத்துவர் காலின் சல்லிவன் வேறொரு வழியை முன்வைத்தார். நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டார் உள்ளே இழுக்கும் காற்றை, எதிர்த்திசையில் குழாய் வழியே மூக்குக்குள் செலுத்தினார். தட்டைக் குழாயை நீர் விரித்துப் பிடிப்பதுபோல அந்தக் காற்று தொண்டையை விரித்துப் பிடித்தது. அழுத்தத்தைக் கூட்டியதும் அடைப்பு நின்றது, குறைத்ததும் திரும்பியது. மறுநாள் காலை அந்நோயாளி தெளிவாக விழித்தெழுந்தார்.

1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. தேவைப்பட்டது 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் உயர அளவிலான மெல்லிய அழுத்தமே. ஆயினும் தொடக்ககால நோயாளிகள் பட்ட பாடு சிறிதன்று. ஒவ்வொருவரின் முகத்திலும் அச்செடுத்து முகமூடி செய்தனர். இரவுதோறும் அதைச் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டி, காலையில் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. மோட்டாரோ பெரிதாக இரைந்தது. இத்தனைக்கும் பலர் அதை விடவில்லை. கழுத்துத் துளையோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்கு விடுதலையாகவே இருந்தது. இன்று கையடக்கமாகவும் ஓசையின்றியும் வரும் சிபாப் கருவி அதன் வழித்தோன்றலே.

நம் நாட்டில்

நம் நாட்டில் இதன் பரவல் பிந்தியே அளக்கப்பட்டது. 2004இல் வெளியான மும்பை ஆய்வில், 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களில் 7.5 விழுக்காட்டினருக்குப் பகல்நேரத் தூக்கத்துடன் கூடிய இந்நோய் காணப்பட்டது. 2006இல் வெளியான டெல்லி ஆய்வு, ஆண் பெண் இருபாலாரிலும் 13.7 விழுக்காட்டினருக்கு மூச்சடைப்பு இருப்பதைக் காட்டியது. 2022 பிப்ரவரி 15ஆம் நாள் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, அதற்குக் காரணம் இந்நோய் என்று அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தெரிவித்தார். அதன் பின்னரே நாளிதழ் வாசகர்கள் பலருக்கு இப்பெயர் அறிமுகமாயிற்று.

குடவோலைக் கல்வெட்டால் உலகறிந்த உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் சுமார் 30 கி.மீ.; சென்னைக்கு சுமார் 90 கி.மீ. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கிச் செய்யும் உறக்கப் பரிசோதனை இவ்வூர்க் குடும்பங்களுக்கு இரண்டு நாள் கூலியையும் துணைக்கு ஓர் ஆளையும் கேட்கும். வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மாட்டி உறங்கும் எளிய பரிசோதனையும் இப்போது உண்டு. அது தமக்குப் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தூரத்தைவிடப் பெரிய தடை வெட்கம். ஆணின் குறட்டை நகைச்சுவையாகிவிடுகிறது. பெண்ணின் குறட்டை மறைக்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் இந்நோய் கூடுதலாக வருகிறது. ஒல்லியானவர்களுக்கும் வரலாம். இதை முதலில் அறியக்கூடியவர் அருகில் உறங்குபவரே. மூச்சு நிற்பதைக் கண்ட மனைவியோ, கணவரோ, பிள்ளைகளோ அதை மருத்துவரிடம் சொல்வது குறை கூறல் ஆகாது. அது ஓர் அமானிதத்தை நிறைவேற்றுவது.

முகமூடியோடு பழகுதல்

முதல் சில வாரங்களே கடினமானவை. பகலில் விழித்திருக்கும்போது அரை மணி நேரம் அணிந்து திக்ரு செய்தோ நூல் வாசித்தோ பழகினால் இரவில் அச்சம் குறையும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல உயரும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும். அழுத்தத்தை நாமாக மாற்றக் கூடாது.

முகத்திலுள்ள எண்ணெய்ப் பிசுபிசுப்பால் முகமூடி வழுக்கிக் காற்று கசியும். உறங்கும்முன் உளூச் செய்யும் சுன்னத் இங்கும் கைகொடுக்கிறது. தாடி வைத்திருப்போருக்கு மூக்கையும் வாயையும் மூடும் பெரிய முகமூடியில் கசிவு வரலாம். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகை அவர்களுக்கு ஏற்றது. எனவே முகமூடிக்காகத் தாடியை இழக்க வேண்டியதில்லை. முகமூடியை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும். ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே நல்லது.

மின்தடை நம் ஊர்களில் உண்மையான கவலை. மின்சாரம் நின்றால் முகமூடிக்குள் மூச்சு முட்டிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பெரிய முகமூடிகளில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு உண்டு. சிறிய வகையில் வாய் திறந்தே இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் கருவியை இணைத்து, ஈரப்பதச் சூடேற்றியை நிறுத்திவிட்டால் மின்சாரம் நெடுநேரம் தாங்கும். பழைய கருவி வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: ஒலி குறைக்கும் நுரைப்பொருள் சிதைந்து சுவாசத்தில் கலக்கக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல லட்சம் கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

நம் வாழ்வுமுறைக்கே உரிய ஒரு செய்தி உண்டு. கனவுகள் மிகுந்த உறக்கம் இரவின் கடைசிப் பகுதியிலேயே அதிகம். தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்கு அடைப்பு கடுமையாவதும் அப்போதுதான். தஹஜ்ஜுதுக்கோ ஸஹருக்கோ எழுந்து முகமூடியைக் கழற்றிவிட்டு, மீண்டும் அதை அணியாமல் படுப்பவர் தமக்கு மிகத் தேவையான நேரத்தில் காப்பை இழக்கிறார். ரமளானில் இரவு உறக்கம் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் அணிய வேண்டும். பகல் துயிலிலும் அணிய வேண்டும். நோன்பு நேரத்தில் ஈரப்பத நீர் பற்றியும், ஹஜ்ஜில் இஹ்ராம் நிலையில் முகமூடி பற்றியும் ஐயம் இருப்போர், கருவியை நிறுத்திவிடாமல் முன்கூட்டியே ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். அந்தத் தேடல் குர்துபாவில் ஒரு காயத்தைத் தைத்த கையிலும், இஷ்பீலிய்யாவில் தேன்நீரால் ஓர் ஆட்டின் காயத்தைக் கழுவிய கையிலும், சிட்னியில் ஒரு மோட்டாரைத் திருப்பி மாட்டிய கையிலும் தொடர்ந்தது. கழுத்தில் கத்தி படாமல் மூச்சு கிடைக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அந்த அருட்கொடைக்கு நன்றி செலுத்தும் எளிய வழி, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து இன்றிரவு அணிவதே. நம் இல்லங்களில் உறங்குவோர் யாவருக்கும் வல்ல இறைவன் நிம்மதியான மூச்சையும், ஃபஜ்ரில் தெளிந்த விழிப்பையும் அருள்வானாக. ஆமீன்.