அம்பாசடருக்கு ஒரு சேவகன்: பிரேக் பூஸ்டரின் கதை

அம்பாசடர் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலது கால் கொஞ்சம் கூடுதல் பலமாக இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முழுக்க வேடிக்கை இல்லை. அந்தக் கால அம்பாசடரில் பிரேக்கை 'தொட்டால்' ஒன்றும் நடக்காது, மிதிக்க வேண்டும். அவசரம் என்றால் பெடல் மேல் எழுந்து நிற்க வேண்டும் :-)

நான் பிழைக்க வந்த கொல்கத்தாவில் அம்பாசடர் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வண்டி பிறந்ததே பக்கத்தில், ஹூக்ளி நதிக்கு அந்தக் கரையில் இருக்கும் உத்தர்பாராவில். ஆனால் நம்மவர்கள் இந்த வண்டி பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஊர்ல அப்பாவோட பழைய அம்பாசடர் நிக்குது. விக்க மனசு வரல. பிரேக் மட்டும் ரொம்ப கஷ்டம். பூஸ்டர் போட்டுடலாமா?"

ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்கலாம். ஆனால் அந்த பூஸ்டர் எங்கிருந்து வந்தது, நம் வண்டிக்கு ஏன் அவ்வளவு காலம் வரவில்லை என்று தெரிந்தால் பதில் தானாகவே புரியும்.

பூஸ்டருக்குப் புத்தகப் பெயர் சர்வோ. லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, ஊழியன். எஜமானன் மெதுவாகச் சொன்னதை உரக்கச் சொல்லி வேலை வாங்குகிற ஆள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் கார்கள் பெரிதாகின, வேகமாகின. அதுவரை பின்சக்கரத்தில் மட்டும் இருந்த பிரேக், நாலு சக்கரத்துக்கும் வந்தது. மனிதனின் கால் போதவில்லை. 1919ல் ஹிஸ்பானோ சுய்ஸா கம்பெனி தன் எச்6 காரில் ஒரு தந்திரம் செய்தது. கியர்பாக்ஸில் சுழலும் ஒரு தண்டிலிருந்து பலத்தை எடுத்து, அதைக்கொண்டே பிரேக்கை இழுக்க வைத்தது. அதாவது வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவியது. ரோல்ஸ் ராய்ஸே உரிமம் வாங்கி இதைப் பயன்படுத்தியது என்றால் பாருங்கள்.

அடுத்து வந்ததுதான் இன்றைய பூஸ்டரின் தாத்தா. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பெர்ட் டெவாண்ட்ர என்பவர் 1920களில் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து பிரேக்குக்கு உதவும் கருவியைச் செய்தார். 1927ல் ஜெர்மனியின் பாஷ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பிராக், கிளீஸ்ராத் என்ற இருவர் செய்த வெற்றிட பிரேக், 1928ல் பியர்ஸ் ஆரோ காரில் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழி அடைபடும். எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்போம் அல்லவா, அதனால் தேவைப்படும் நேரத்தில் இந்த வெற்றிடம் நிறையவே இருக்கும். ஒரு வட்டமான டப்பா, நடுவில் ரப்பர் டயாஃப்ரம். ஒரு பக்கம் வெற்றிடம். பிரேக்கை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகும். 18 செ.மீ. விட்டமுள்ள டயாஃப்ரம் என்றால் பரப்பு சுமார் 250 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அழுத்த வித்தியாசம் இருந்தால் கிட்டத்தட்ட 175 கிலோ தள்ளு. இரண்டு பெரிய மனிதர்கள் உங்களோடு சேர்ந்து பெடலை மிதிப்பது போல!

சரி, இவ்வளவு நல்ல பொருள் 1920களிலேயே இருந்தும் சாதாரணக் கார்களில் ஏன் இல்லை? காரணம் டிரம் பிரேக். சுழலும் டிரம், தன் மேல் உராயும் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். இலவசமாகக் கிடைத்த சர்வோ அது. சின்ன வண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நிலைமையை மாற்றியது டிஸ்க் பிரேக். 1953ல் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி டைப் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்தது. டிஸ்க் சீக்கிரம் சூடாறும், மழையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் டிரம்முக்கு இருக்கும் அந்தச் சுய இழுவை டிஸ்க்குக்குக் கிடையாது. காலால் அதிகம் அழுத்த வேண்டும். ஆகவே டிஸ்க் பரவப் பரவ பூஸ்டரும் கூடவே பரவியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் தொடங்கி, முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கி, 1948ல் உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 இங்கே 1957ல் அம்பாசடர் ஆனது. அந்த மாடலை இங்கிலாந்தில் 1959லேயே நிறுத்திவிட்டார்கள். நாம் 2014 மே வரை விடவில்லை.

1950களில் இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்று அரசு முடிவெடுக்க, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தவை உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு டிஸ்க் பிரேக் கொடுக்க யார் மெனக்கெடுவார்கள்?

இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அந்தக் கட்டாயத்தால்தான் உதிரிபாகத் தொழிலும் இங்கே வேர்விட்டது. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின.

அம்பாசடருக்கு விடிவு 1990களில் வந்தது. பழைய 1489 சிசி எஞ்சினுக்குப் பதில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் 5 கியரும் வந்தன. வேகம் கூடினால் பிரேக்கும் மாறியே ஆகவேண்டும். 60ல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 100ல் போகும் அதே வண்டியை நிறுத்த 2.8 மடங்கு சக்தியைக் கரைக்க வேண்டும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முன்சக்கர டிஸ்க்கும் பூஸ்டரும் அம்பாசடருக்கு வந்து சேர்ந்தன.

வந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேகம், அதற்காக டிஸ்க், டிஸ்க்குக்காக பூஸ்டர். நம்மவர்கள் செய்ய நினைப்பது தலைகீழ். எல்லாம் பழசாக இருக்க, பூஸ்டர் மட்டும் புதுசு.

சேவகன் என்று சொன்னேனே, இங்கேதான் அது முக்கியம். பூஸ்டர் வண்டிக்குப் புதிய பிரேக் எதையும் தருவதில்லை. காலின் கட்டளையைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். ஷூ தேய்ந்திருந்தால் தேய்ந்த ஷூவை பலமாக அழுத்தும். டிரம் சூடாகிப் பிடிப்பு குறைந்தால் பூஸ்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட ஆபத்து, லைனில் அழுத்தம் கூடுவதுதான். ஊரில் வருடத்தில் பதினோரு மாதம் நிற்கும் வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கும், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். காலின் பலத்துக்கு இத்தனை நாள் தாக்குப்பிடித்த ஹோஸ், பூஸ்டர் போட்ட முதல் அவசர பிரேக்கில் பிய்த்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் போனால் நாலும் போச்சு.

ஆகவே முதல் செலவு பூஸ்டருக்கு இல்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ், ஷூ, புது பிரேக் ஆயில். இவற்றைச் சரிசெய்து, ஷூவை செட் செய்து, முழுதாக ஏர் எடுத்துப் பாருங்கள். பூஸ்டர் ஆசையே போய்விடக்கூடும். அதன்பிறகும் வேண்டுமென்றால் முன்சக்கரத்துக்கு டிஸ்க், அதோடு பூஸ்டர் என்று சேர்த்தே செய்வது நல்லது.

பொருத்துவதில் இரண்டு வகை. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உட்காருவது ஒன்று, இன்றைய கார்களில் இருப்பது. மற்றது ரிமோட் சர்வோ. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பைப்பின் வழியில் எங்காவது வைக்கலாம். மாரிஸ் மைனர் போல, மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும் வண்டிகளுக்கு இதுதான் வசதி. எதுவானாலும் வெற்றிட ஹோஸ் அதற்கென்றே செய்த கெட்டியான ரகமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸைப் போட்டால் உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒருவழி வால்வும் அவசியம். டீசல் எஞ்சினில் பொதுவாக இந்த வெற்றிடம் கிடைக்காது என்பதால் தனியாக வாக்யூம் பம்ப் வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. ரிமோட் சர்வோ போட்ட வண்டியில் வெளியே கசிவே இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் சர்வோவின் சீல் போய், எஞ்சின் பிரேக் ஆயிலைக் குடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, வண்டியைவிட ஓட்டுபவர் பற்றி. அந்தக் காலத்து டிரைவர்களுக்கு மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உண்டு. அப்போதே தவறான பழக்கம்தான், ஆனால் பெடலின் கனம் மாறாது. பூஸ்டர் வண்டியில் இதைச் செய்தால் இரண்டு மூன்று மிதியில் சேமித்த வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தமே குறைவு என்பதால் பூஸ்டர் தரும் உதவியும் கால்வாசிக்கு மேல் குறையும். இறக்கத்தில் கியரிலேயே இறங்குவதுதான் வழி.

அதேபோல நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பவர் பிரேக் தவிர வேறு அறியாதவர்கள். லீவுக்கு ஊருக்குப் போய், ஆசையாகத் தாத்தா காரின் சாவியை எடுத்தால், முதலில் காலியான மைதானத்தில் நாலு முறை முழு பலத்தோடு பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை அடியில் நிற்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதற்கப்புறம் மெயின் ரோட்டுக்குப் போகட்டும்.