பெண்கருவும் சட்டமும்

1. தோற்றுவாய்

புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், சோழன் கிள்ளிவளவனை முன்னிலைப்படுத்தி நன்றி மறத்தலின் கொடுமையைக் கூறுகின்றார். அதன் பெருமையைப் புலப்படுத்தற்பொருட்டு, கழுவாய் உடைய பெரும்பாவங்கள் சிலவற்றை முதற்கண் எண்ணுகின்றார். மகளிர் கருவைச் சிதைத்தல் அவற்றுள் ஒன்று. ஈண்டுக் கரு ஆணோ பெண்ணோ என்னும் வேறுபாடு பேசப்படவில்லை. பிறக்குமுன் அதனை உறுதியாக அறியும் வழியும் அக்காலத்தில் இல்லை. கருவை அழித்தல் பழைமையானது. பெண்ணென அறிந்தபின் அழித்தல் நம் காலத்துக்கு உரியது. எனவே, சட்டம் தடுக்கவேண்டுவது அழித்தலையோ, அறிதலையோ என்னும் வினா எழுகின்றது. இந்தியாவில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துவரும் அரசியல் வாதம் இவ்வொரு வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வாம்.

2. இரு சட்டங்கள்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும்பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்வது தவிர, கருக்கலைப்பு முழுவதையும் குற்றமாக்கியது. அதனால் மறைவிடங்களில் தகுதியற்றோர் கைப்பட்டு உயிரிழந்த பெண்டிர் பலராவர். இந்நிலையை ஆராய 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதன் பரிந்துரையின் வழிவந்ததே 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். தாயின் உயிர்க்கேடு, உடல் மன நலக்கேடு, கருவின் பெருங்குறை, வன்புணர்ச்சி, மணமானோர் கைக்கொண்ட கருத்தடை பயனின்றிப் போதல் ஆகியவற்றை அது காரணங்களாக ஏற்றது. கரு பெண்ணாயிருத்தல் இவற்றுள் ஒன்றன்று. ஆயின், பெண்கருவென அறிந்துவந்த ஒருத்தி, கருத்தடை பயன்படவில்லை என்று கூறின், அக்கூற்றின் உண்மையை மருத்துவர் எங்ஙனம் அறிவார்? கலைப்பிடத்தே நின்று இக்குற்றத்தைக் கண்டறிதல் அரிது என்பது இதனாற் பெறப்படும்.

கருவின் குறைகளை அறிய வந்த பனிக்குட நீர்ச்சோதனை, 1970களின் இடைப்பகுதியிலேயே பெண்கருவை விலக்கும் கருவியாயிற்று. மகளிர் அமைப்புகளின் எதிர்ப்பால் 1978இல் அரசு மருத்துவமனைகளில் பால் அறியும் சோதனை தடுக்கப்பெற்றது. தனியார் மருத்துவமனைகட்கு அத்தடை எட்டவில்லை. இன்று ஐந்நூறு ரூபாய் செலவிட்டால் பின்னர் வரதட்சிணைக்குரிய ஐந்து லட்சம் மிச்சமாகும் என்னும் கருத்துப்பட அந்நாளில் வடபுலத்தில் விளம்பரங்கள் வெளிவந்தன. மகளைச் செலவாகக் காணும் மனக்கணக்கை வணிகம் வெளிப்படையாக எழுதிய இடம் அது.

3. வாதங்கள்

சோதனைக்கு ஆதரவாக எழுந்த வாதங்களையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். மக்கட்பெருக்கத்தைக் குறைக்க இது துணையாகும் என்றனர் ஒரு சாரார். பொருளியல் வரலாற்றறிஞர் தர்மா குமார், பெண்கள் குறையின் அவர்தம் மதிப்பு உயரக்கூடும் என்றும், வேண்டாத பிறப்பினும் பிறவாமை கொடிதாகுமா என்றும் 1983இல் வினவினார். மானிடவியலறிஞர் லீலா துபே அதனை மறுத்தார். பெண்கள் அரியராகும் இடத்தில் அவர்தம் மதிப்பு உயர்தல் ஒருதலையன்று. கடத்தலும் வன்முறையும் பெருகலுங் கூடும் என்பதே அம்மறுப்பின் சாரம்.

மகளிர் இயக்கத்தார்க்கோ வேறோர் இடர் இருந்தது. கருக்கலைப்பு உரிமையைக் காப்பவர், ஒருவகைக் கலைப்பை மட்டும் எங்ஙனம் எதிர்ப்பது? கருவுக்கு உயிருரிமை உண்டு என்று வாதிடின் 1971ஆம் ஆண்டுச் சட்டமே ஆட்டங்காணும். ஆகவே, அவர்கள் சோதனையையே தடுக்குமாறு கேட்டனர். இப்பாகுபாடே பின்வந்த சட்டங்கட்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1988இல் மகாராட்டிரம் முதற்சட்டம் இயற்றியது. 1991இல் நாடாளுமன்றத்திற் கொணரப்பெற்ற மசோதா கூட்டுக்குழுவின் ஆய்வுக்குப்பின் 1994இல் சட்டமாகி, 1996 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கருவின் பாலைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ அறிவித்தலை அது தடுக்கின்றது. மொழி பயில்வார்க்கு இது கருதத்தக்கது. இனிப்பின் பெயரும் ஒரு புன்னகையும் செய்தியாகும் இடத்தில், குறிப்புமொழியும் குற்றமாதல் வேண்டிற்று.

சட்டம் ஏட்டளவில் நின்றமை கண்டு, 'செஹட்', 'மாசூம்' என்னும் அமைப்புகளும் சாபு ஜார்ஜ் என்பாரும் 2000இல் உச்சநீதிமன்றத்தை அணுகினர். நீதிமன்ற ஆணைகளின் விளைவாக 2003இல் சட்டம் திருத்தம் பெற்றது. கருத்தரிக்குமுன் பாலைத் தெரிதலும் தடையுள் அடங்கிற்று; 'ஸ்கேன்' கருவிகளும் வரம்புக்குட்பட்டன. கருவுற்றாள் கணவன் முதலியோரால் வற்புறுத்தப்பட்டாள் என்றே, மாறான சான்று காட்டப்படுங்காறும், நீதிமன்றம் கொள்ளும். பதிவேட்டுப் பிழைகளையும் குற்றமாக்குதல் மிகை என்று மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு வழக்காடியது. பதிவேடே சட்டத்தின் உயிர்நிலை எனக் கூறி 2019இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது.

2016இல் மத்திய அமைச்சராயிருந்த மேனகா காந்தி, எல்லாக் கருவின் பாலையும் கட்டாயமாக அறிந்து பதிந்து, பிறப்புவரை கண்காணிக்கலாம் என்றொரு கருத்தை முன்வைத்தார். அது நிறைவேறின் கண்காணிப்பு சோதிப்பவரை விட்டுக் கருவுற்றாள்மேற் செல்லும். முறையான காரணத்தால் கலைப்பு நாடுவாளும் ஐயத்துக்கு ஆளாவாள். பலரும் அதனை எதிர்த்தமைக்குக் காரணம் இதுவே.

4. தமிழகமும் செட்டிநாடும்

தமிழகத்தில் இச்சிக்கல் முதற்கண் பெண் சிசுக்கொலை வடிவில் வெளிப்பட்டது. 1986இல் உசிலம்பட்டி பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கின. 1992இல் செயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. உயிர் தப்பியது நன்று எனினும், மகளைக் கைவிடுதலை அரசே எளிதாக்கிற்று என்னும் குறையும் கூறப்பட்டது. ஆறு வயது வரையுள்ள ஆண்குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண்குழந்தைகள் தமிழகத்தில் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. சேலத்தில் 1991இல் 849, 2001இல் 851. சட்டத்தாற் பெருமாற்றம் உடனே விளையவில்லை என்பது தெளிவு. காரணத்தைச் சோதனைக் கூடத்துக்கு வெளியேயும் தேடுதல் வேண்டும்.

யாம் வாழும் காரைக்குடிப் பகுதியின் வழக்கொன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நகரத்தார்தம் ஒன்பது நகரக் கோயில்களில், மணமான ஆண்மகனின் குடும்பமே 'புள்ளி' என எண்ணப்பெறும். வரியும் புள்ளிக்கணக்கின்படியே அமையும். மகள் மணமானபின் கணவன் கோயிற் புள்ளியுள் அடங்குவாள். மகனில்லாதார் சுவீகாரத்தால் வழியைத் தொடர்வர். சீராகத் தரப்பெறும் நகையும் பாத்திரங்களும் பெண்ணின் உடைமையே. அவ்வகையில் அவளுக்குப் பாதுகாப்பே. எனினும், பிறந்தகத்துக் கணக்கில் அவை செலவாகவே நிற்கும். இவ்வழக்கங்கள் பெண்கருவை அழிக்கக் காரணமாயின என யாம் கூறவில்லை. மகனை வழியாகவும் மகளைச் செலவாகவும் எண்ணுங் கணக்கு, தீய எண்ணம் எதுவுமின்றியே ஒரு சமுதாய அமைப்பில் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதற்கே இதனைக் காட்டினோம். வேறு சமூகங்களில் வேறு பெயர்களில் இக்கணக்கு உண்டு.

இக்கணக்கைத் திருத்த முயன்ற சட்டங்களும் உள. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச்சட்டம் ஒன்று. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளித்த, கருணாநிதி அரசின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொன்று. அதற்குமுன் மணமானார்க்கு அது பயன்படவில்லை. அக்குறை 2005இல் வந்த நடுவண் அரசின் திருத்தத்தால் நீங்கிற்று.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றான், அறிதலைத் தடுத்து, முறையான கலைப்புரிமையைக் காத்த பாகுபாடு அறிவுடையது என்பது போதரும். அதனைக் குலைத்துக் கருவுற்றாளைக் காவலில் வைக்கும் எம்முயற்சியும் பழைய மறைவிடச் சாவுகட்கே வழிகோலும். ஆயினும், அறிதலைத் தடுக்குஞ் சட்டம் அறிய விரும்பும் நெஞ்சைத் தடுக்கமாட்டாது. அந்நெஞ்சின் கணக்கு சொத்துரிமையிலும் சீரிலும் கோயிற் பதிவிலும் எழுதப்பட்டுள்ளது. அங்கேயே அது திருத்தவும் படல் வேண்டும். பங்கு கொடுத்தவாறே சீரையும் வளர்க்கும் சமுதாயம் மகளுக்கு இருமுறை செலவிட்டதாகவே எண்ணும். மகளும் ஒரு புள்ளியாக எண்ணப்படும் நாளிலேதான் மருத்துவரின் வாயைக் கட்டும் சட்டத்துக்குத் தேவை குறையும்.