'>' கொடுத்த தொல்லைகள்

யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தது 1969-இல், நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில். கட்டளையின் வெளியீட்டை முனையத்துக்குப் பதிலாகக் கோப்புக்குத் திருப்பும் '>' குறி தொடக்கத்தில் அதில் கிடையாது. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. யோசனை மல்டிக்ஸ் என்ற முந்தைய இயங்குதளத்திலிருந்து எடுத்தது. அங்கே கோப்போடு இணைக்க ஒரு கட்டளை, வேலைக்கு ஒன்று, பழையபடி முனையத்துக்கே மாற்ற இன்னொன்று என மூன்று வரி தட்ட வேண்டும். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் ஒற்றை எழுத்தில் காரியத்தை முடித்தார்கள்.

தொல்லையும் கூடவே வந்தது. ரிச்சியே பின்னாளில் எழுதிவைத்த விவரம் இது. கோப்புப் பட்டியல் தரும் 'எல்எஸ்', யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' ஆகிய இரண்டையும் ஒரு கோப்பில் எழுதி, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லிடம் கொடுத்து, மொத்தத்தையும் '>' போட்டுத் திருப்பினால், முதலாவதின் மேலேயே இரண்டாவது ஏறி எழுதியது. எதுவரை எழுதியாயிற்று என்ற கணக்கை இயங்கும் ஒவ்வொரு நிரலும் (புராசஸ்) தனித்தனியே வைத்திருந்ததுதான் காரணம். எல்எஸ் எழுதி முடித்தாலும் ஷெல்லின் கணக்கு 0-இலேயே நின்றது. ஹூ அதை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்தக் கணக்கைப் பொது அட்டவணை ஒன்றுக்கு மாற்றிய பிறகுதான் சரியாயிற்று.

அடுத்த வில்லங்கம் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தில். பிழைச் செய்தியும் வெளியீடும் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்த காலம். நாற்றமடிக்கும் டெவலப்பரில் தாளை விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால், அழகாக அச்சான ஒரே வரி வெளியே வரும்: கோப்பைத் திறக்க முடியவில்லை! ஒரே பிற்பகலில் பலருக்கு இப்படி ஆகி முணுமுணுப்பு கிளம்ப, ஓரிரு நாளில் பிழைக்கென்று தனி வழி பிறந்ததாக அங்கே பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் சொல்லியிருக்கிறார். அதன் எண் 2; வழக்கமான வெளியீட்டுக்கு எண் 1.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த பார்ன் ஷெல்லில், பிழையை எண் 1 போகும் இடத்துக்கே திருப்பும் '2>&1' எழுத முடிந்தது. ஷெல் இதை இடமிருந்து வலமாகவே படிக்கும். '> கோப்பு 2>&1' என்றால் இரண்டும் கோப்புக்குப் போகும். முன்பின் மாற்றினால் பிழை முனையத்திலேயே வந்து விழும். எண் 1 அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருந்ததோ, எண் 2-க்கும் அதுதான் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையை வைத்து எழுதும் 'சார்ட் பட்டியல் > பட்டியல்'. கட்டளையை ஓட்டும் முன்பே ஷெல் கோப்பைத் திறந்து காலி செய்துவிடும். சார்ட் வந்து பார்க்கையில் அடுக்க ஒன்றும் இருக்காது. சார்ட்டுக்கென்றே '-ஓ' என்ற பாதுகாப்பான வழி இருந்தும் இது நடக்கிறது. இருக்கும் கோப்பை '>' அழிக்காமல் தடுக்கும் 'நோகிளாபர்' பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் வந்தது. இன்றைய பாஷ் ஷெல்லிலும் உண்டு, ஆனால் தானாக இயங்காது. பாஷின் தொடக்கக் கோப்பில் 'செட் -ஓ நோகிளாபர்' என்ற வரியை இன்றே சேர்த்துவிடுங்கள். தெரிந்தே அழிக்க வேண்டிய இடத்தில் '>|' போட்டால் போதும்.