தோட்டத்து அடுப்பின் வரலாறு

2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன. அம்மக்கள் எத்தகைய இடத்தில் வாழ்ந்தனர் என்பதை நாடு அன்று கண்டது. அவர்தம் அடுப்புகளில் என்ன வெந்தது என்பதைக் கேட்டவர் சிலரே. அந்த அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

தென்னிந்தியாவிலிருந்து ஊவா மலைகளுக்கு வந்த தொழிலாளிக்குத் தோட்ட நிர்வாகமே அரிசி கொடுத்தது. அதன் விலையைக் கூலியிற் பிடித்துக்கொண்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலியையும் தோட்டத்து அரிசியின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டது. காடு திருத்தியவனுக்குச் சொந்த நிலம் இல்லை. ஆகவே, அவனுடைய உணவு முழுவதும் பிறர் கையில் இருந்தது.

இதன் விளைவு 1973, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. வெளியில் வாங்கக் கூலி போதவில்லை. தோட்டங்களில் இறப்பு உயர்ந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில் நம் தாய்மார் சமைக்க மறந்துவிட்டனரா?

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். இதனைத் தாயின் அறியாமை என்று கூறி முடித்துவிடுவோர் உளர். போசாக்கு அறிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கோதுமை ரொட்டியோடு பருப்பும் நெத்தலிக் கருவாடும் சேர்ந்தால் புரதம் கூடும். முருங்கைக் கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு குடிக்கும் தேநீரோ அச்சத்தைத் தடுக்கும். தேயிலை பறிப்பவளுக்கு இதைச் சொல்வது நம் கடமை. 1973 இல் தொடங்கிய திரிபோஷ மாவும் கருவுற்ற தாய்க்கும் மெலிந்த குழந்தைக்கும் உதவியது.

ஆயினும், பருப்பு வாங்கக் காசில்லாதவளுக்குப் பருப்பின் பெருமையைப் போதிப்பது பாடமாகாது, பழிப்பாகும். வெறுந்தேநீரோடு வகுப்புக்கு வரும் பிள்ளையை நாம் அறிவோம். ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த போசாக்குப் பாடத்தின்போது கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுங்கள்: ஒரு பேருக்கு வரும் கூலி, அரிசி பருப்பின் விலை, வீட்டில் உண்ணும் வாய்கள். மீதி எவ்வளவு என்று பிள்ளைகளே சொல்லட்டும். கூலியும் நிலமும் கேட்கும் குரல், அந்த விடையிலிருந்து பிறக்கும்.