கொழுப்புக் கணக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாகர்கோவிலில் இருந்து தம்பி போன் பண்ணினான். ஊர்க்கதை எல்லாம் முடிந்து போனை வைக்கிற நேரத்தில் மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன். அது எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதையாம். வாட்ஸ்அப் வீடியோல ஒரு டாக்டரே சொல்லுகாரு."

அவனுக்கு வயது 41. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நானோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லக்னோவில். கத்தலாம் என்று வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். "அந்த வீடியோவை எனக்கு அனுப்புலே, பாத்துட்டு கூப்பிடுகேன்" என்றேன்.

பார்த்தேன். அதில் சொன்னதில் பாதி உண்மை! அதுதான் சிக்கலே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டிருக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக பேங்கில் லோன் ஃபைல் பார்க்கிறவன். எந்த ஃபைல் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். இந்த ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுத்தது யார்? எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? எல்லாம் கழித்து கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு? இந்தக் கொழுப்பு விவகாரத்தின் பழைய ஃபைலையும் அப்படியே பிரித்துப் பார்த்தேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1955 செப்டம்பர் 24-ஆம் தேதி, டென்வரில் தங்கியிருந்த அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு. நாடே ஆடிப்போனது. மனிதர் ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட் ஊதியவர், 1949-ல்தான் விட்டிருந்தார். ஆனால் ஊரெல்லாம் பேச்சு சாப்பாட்டுக் கொழுப்பின் பக்கம் போனது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ் அதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: நெய், வெண்ணெய், இறைச்சியில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது, அதனால் மாரடைப்பு வருகிறது என்று. 1961 ஜனவரியில் டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. அதே வருஷம் அமெரிக்க இதயச் சங்கமும் அந்தக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னது. நம்ம நாஞ்சில் நாட்டு அடுப்படியில் தேங்காய் எண்ணெய் குற்றவாளிக் கூண்டில் ஏறியதற்கு வேர் அங்கேதான்.

இப்போது முதல் கேள்வி. காசு யாருடையது?

1967-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று பேர் எழுதிய ஓர் ஆய்வுத் தொகுப்பு இரண்டு பகுதிகளாக வந்தது. இதய நோய்க்குச் சர்க்கரை காரணம் என்ற ஆய்வுகளை அது கடுமையாகக் குடைந்தது. கொழுப்புக்கு எதிரான ஆய்வுகளிடம் அவ்வளவு கறார் காட்டவில்லை. எழுதியவர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார் பணம் என்று வெளியே சொல்லும் விதியே அந்த இதழில் 1984 வரை கிடையாது. கம்பெனிக் காசில் ஆராய்ச்சி செய்வது அன்றைக்குச் சகஜம். சதி என்றெல்லாம் ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்று வாதிடும் வரலாற்று ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும், கடன் கேட்கும் பார்ட்டியே காசு கொடுத்து வாங்கிய வேல்யூவேஷன் ரிப்போர்ட்டை நான் அப்படியே ஏற்றுக்கொள்வேனா?

இரண்டாவது கேள்வி. எதைக் காட்டவில்லை?

1968 முதல் 1973 வரை மினசோட்டாவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஆறு அரசு மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலுமாக 9,423 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சாப்பாடு. மீதிப் பேருக்கு நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து மக்காச்சோள எண்ணெய். தலைமை தாங்கியவர் ஐவன் ஃபிரான்ட்ஸ், கூடவே நம்ம ஆன்சல் கீஸ். கொலஸ்ட்ரால் நன்றாகவே குறைந்தது. சாவு குறையவில்லை. இந்த முடிவு இதழில் வந்தது எப்போது தெரியுமா? 1989-ல்! சோதனை முடிந்து 16 வருஷம் கழித்து, அதுவும் அரைகுறையாக. ஃபிரான்ட்ஸ் இறந்த பிறகு, அவர் மகன் வீட்டின் நிலவறையில் இருந்து பழைய பெட்டிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 2016-ல் ராம்ஸ்டன் என்ற ஆய்வாளர் குழு அதை வைத்து மறுபடி கணக்குப் போட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஒரு வருஷமோ அதற்கு மேலோ அந்தச் சாப்பாட்டில் இருந்தவர்கள் 2,355 பேர்தான். இதய நோய் ஒரு வருஷத்தில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆனால் கேள்வி அது இல்லை. நஷ்டக் கணக்கை 16 வருஷம் மேஜை டிராயரில் வைத்திருந்தால் பேங்கில் என்ன பெயர் சொல்வோம்?

வீடியோக்காரர் இதுவரைக்கும் கூட வருகிறார். இங்கே நிறுத்திவிட்டு, "ஆக கொலஸ்ட்ராலே பொய், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்கிறார். அவர் காட்டாமல் விட்ட பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டாமா?

1994-ல் லான்செட் இதழில் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு அது. ஏற்கெனவே மாரடைப்போ இதய வலியோ வந்த 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், பாதிப் பேருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. சுமார் ஐந்தரை வருஷம். வெறும் மாத்திரைக்காரர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர்.

பணம் போட்டது மருந்தைத் தயாரித்த மெர்க் கம்பெனிதான். அதனால் மூன்றாவது கேள்வியையும் கேட்டுவிடுவோம். கையில் நிற்பது எவ்வளவு? "சாவு 30 சதவீதம் குறைந்தது" என்பது விளம்பரக் கணக்கு. வீட்டுக் கணக்கில், 100 பேரில் 11 அல்லது 12 பேர் சாக வேண்டிய இடத்தில் 8 பேர். அதாவது 30 பேர் ஐந்தரை வருஷம் மாத்திரை சாப்பிட்டால் ஒரு உயிர் மிச்சம். இதய நோயே வராதவருக்கு இந்த லாபம் இன்னும் சின்னது, அது வேறு ஃபைல். ஆனால் ஒருமுறை மாரடைப்பு வந்தவனுக்கு? 2002-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 20,536 பேரை வைத்து நடத்திய சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டியது. ஒரு ஆடிட்டர் சொன்னதை இன்னொரு ஆடிட்டரும் சொன்னால் நான் கையெழுத்துப் போடுவேன்.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். 2020-ல் 16 சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில், மற்ற தாவர எண்ணெய்களைவிட அது கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 10 புள்ளி கூட்டுகிறது என்று தெரிந்தது. அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை. அவியலுக்கு மேலே ஒரு கரண்டி ஊற்றினால் குடி முழுகாது. அதையே மருந்து என்று காலையில் குடிக்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ராத்திரி தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். "நீ சந்தேகப்பட்டது தப்பே இல்லைலே. பாதியில நிறுத்திட்ட, அதான் தப்பு. கம்பெனிக்காரனைக் கேட்ட கேள்வியை அந்த வீடியோக்காரனையும் கேக்கணும்லா? அந்த 30 பேர்ல ஒருத்தன் யாருன்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் அம்மா ஏதோ பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிண்ணே. நாளைக்கு டாக்டர்ட்ட போயி கேக்கேன்."

மறுநாள் சாயங்காலம் போனில் ஒரு போட்டோ வந்தது. புது மாத்திரை அட்டை, ஒரு மாத்திரை எடுத்திருந்தது. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.