மன்னார்க் கரையும் முத்துச் சலாபமும்

ஈழத்தின் வடமேற்கே, மன்னார்த் தீவுக்குத் தெற்கிலே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர்கள் உள. மழை குன்றிய மணற்கரை அது. எனினும், அவ்வூர்களுக்கு எதிரே கடலடியிற் கிடக்கும் முத்துப் பார்கள் அக்கரையின் பெயரைப் பாரசீகம் வரை கொண்டுசென்றன.

மாசி பங்குனியிற் கடல் அமைதியுறும். பார்களிற் சிப்பி முதிர்ந்துள்ளதெனக் கண்டால் அரசினர் சலாபம் அறிவிப்பர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வந்து கூடுவர். வெறுமணலிலே பல்லாயிரம் மக்கள் வாழும் ஓலைப் பட்டினம் ஒன்று சில நாளில் எழும். கல்லொன்றைக் காலிற் பற்றி ஒருவன் மூழ்க, மற்றொருவன் தோணியிலிருந்து கயிற்றைக் காப்பான். மூச்சடக்கிய ஏறக்குறைய ஒரு நிமிடத்துள் அள்ளியதே கூடையிற் சேரும்.

சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி' கரையில் நின்றாலன்றிக் குளிகாரர் நீரில் இறங்கார். பரம்பரையுரிமையாக வந்த இப்பதவிக்கு ஆங்கில அரசினரே ஊதியம் அளித்தனர். மந்திரத்தில் அவர்க்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, குளிகாரரின் நம்பிக்கையின்றி வருவாய் இல்லை என்பதை நன்கறிந்திருந்தனர்.

மாலையில் வேலியடைத்த கொட்டினுள்ளே சிப்பிகள் மூன்று பங்காக்கப்படும். இரண்டு அரசுக்கு, உயிரைப் பணயம் வைத்தோர்க்கும் தோணிக்கும் எஞ்சிய ஒன்றே. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அச்செல்வம் கொழும்புக்குச் சென்றது. முத்து வணிகரோடு பிற நாடுகளுக்குச் சென்றது. இக்கரையில் எஞ்சியது அழுகிய சிப்பியின் நாற்றமும் ஓட்டுக் குவியல்களுமே எனின் மிகையாகாது.

பெருவருவாய் பேராசையை வளர்த்தது. 1906இல் அரசு பார்களை இருபது ஆண்டுக் குத்தகையாக ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்கு வழங்கியது. 1907இன் பின் சிப்பி அருக, கம்பனி நட்டமுற்றுக் கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. பண்டை நாட்பெருக்கு அதன்பின் திரும்பவில்லை. குளிகாரர் சங்கு குளிப்பையும் மீன்பிடியையும் நாடினர்.

தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தைப் பார்வையிடவெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் சுவர்கள் கடலரிப்பினால் ஒவ்வொன்றாகச் சரிந்து வருகின்றன.